மூன்று அங்குல ஆணி

அமெரிக்காவில் அக்டோபர் மாதக் கடைசியில் பிள்ளைகளுக்குப் பேய் வேஷம் போட்டு வீடு வீடாக அனுப்புவார்களாம், மிட்டாய் வாங்கி வர. இதை எனக்குச் சொன்னவர் எங்கள் சீன முதலாளி, தவுக்கே லியோங். நான் நம்பவில்லை. பெற்ற பிள்ளைக்கு எவளாவது பேய் வேஷம் போடுவாளா? வேறு யாராவது சொல்லியிருந்தால் போய் வாயைக் கழுவு என்றிருப்பேன். சம்பளம் கொடுக்கிற மனிதராகப் போய்விட்டார்.

அந்த வேஷத்துக்கு வேண்டிய சாமான்களை இங்கே மலேசியாவில், ஈப்போவுக்குப் பக்கத்தில், மெங்லெம்புவில் ஒரு தகரக் கொட்டகையில் நாங்கள் செய்துகொண்டிருந்தோம். மண்டையோடு வைத்த மோதிரம், எலும்பு விரல் கோத்த மாலை, ரத்தம் வழிகிற கோரைப்பல், சிலந்தித் தோடு. எல்லாம் ரெசின் என்கிற பிசின். வார்த்து, தேய்த்து, சாயம் தடவிப் பெட்டியில் அடுக்கினால் கிள்ளான் துறைமுகத்துக்கு லாரி போகும். பேய் என்றால் மூத்திரம் போகப் பயந்த தோட்டத்துப் பெண்கள் ஆறு பேர், அங்கே உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டு பேய்க்குப் பல் தேய்த்தோம்.

என் வேலை அச்சு எடுப்பது. தவுக்கே களிமண்ணில் ஒரு மாதிரி செய்து கொடுப்பார். அதன்மேல் ரப்பர் பாலைத் தூரிகையால் பூசி, காற்றாடி முன்னால் காயவைத்து, மறுபடி பூசி, பத்துப் பூச்சு ஆனதும் காலுறையைக் கழற்றுவதுபோல உரித்தெடுப்பேன். அந்த ரப்பர் உறைதான் அச்சு. பதினாறு வருஷம் சிலிம் ரிவர் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் மரம் சீவியவள் நான். தோட்டத்தைத் துண்டு போட்டு விற்று எங்களை வெளியே தள்ளிய பிறகு, அதே பால் தகர டின்னில் அமோனியா நாற்றத்தோடு என்னைத் தேடி ஈப்போவுக்கு வந்துவிட்டது.

அச்சுக்குள் ரெசின் ஊற்றுகிறவன் ஜெயபாலன். என் அக்கா ராக்காயியின் மகன். ஐந்து வயதிலிருந்து நான் போட்ட சோற்றில் வளர்ந்தவன். அவன் அப்பன் மாயாண்டி, அக்கா செத்த முப்பதாம் நாள் பாகான் டத்தோவுக்குப் போய் வேறொருத்தியோடு குடித்தனம் வைத்தான். அவனைப் பற்றி இதற்கு மேல் பேசினால் வாய்தான் கெடும். ஜெயபாலனுக்கு நான் சின்னம்மா. எனக்கு அவன்தான் எல்லாம். கல்யாணம் காட்சி என்று நான் எதையும் தேடிப் போகவில்லை, அதில் எனக்கு வருத்தமும் இல்லை.

நல்ல கைக்காரன். ரெசினை இறுக வைக்கிற ஹார்டனர் மழைநாளில் எத்தனை சொட்டு, வெயில்நாளில் எத்தனை சொட்டு என்று அவனுக்குத்தான் தெரியும். ஒரு சொட்டுக் கூடினால் ரெசின் கொதித்து வெடித்துப் பிளந்துவிடும். குறைந்தால் நாள் கணக்கில் பிசுபிசுவென்று கிடக்கும். ஊற்றுகிற பகுதிக்கே தலைவனாக வேண்டும் என்பது அவன் ஆசை. இருபத்திரண்டு வயதில் ஆசைப்படாமல் எப்போது ஆசைப்படுவது?

எண்பத்திரண்டாம் வருஷம் மே மாதம், இடுப்பில் கட்டித் தொங்கவிடுகிற மாதிரி முழு மண்டையோடு வேண்டும் என்று அமெரிக்காக்காரன் கேட்டான். தவுக்கே களிமண்ணில் செய்து அனுப்பிய மாதிரி திரும்பி வந்துவிட்டது. பொம்மை மாதிரி இருக்கிறதாம். இருந்தது உண்மை. கண் வைத்த சீனப் பாவ் ரொட்டி மாதிரி உப்பிக் கிடந்தது.

"நெஜ மண்டை ஒண்ணு கெடச்சா, பாத்துச் செஞ்சிடலாம் லா," என்று தவுக்கே தனக்குத் தெரிந்த தமிழில் அலுத்துக்கொண்டார். "இந்த ஆர்டர் பிடிச்சா, பாலா, நீ ஊத்தற செக்சனுக்கு மண்டோர்."

அவர் சும்மா சொன்னார். இவன் சும்மா கேட்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை கூட்டாளி கல்யாணத்துக்குச் சிலிம் ரிவர் போனவன், திங்கட்கிழமை காலையில் ஒரு பிஸ்கட் டின்னை என் மேசைமேல் வைத்தான். திறந்தால், செய்தித்தாள் சுற்றி, சேறு அப்பிய ஒரு மனிதத் தலை.

"எங்கடா எடுத்தே?"

"நம்ம பழைய தோட்டத்துல சின்னம்மா. அங்க தாமான் வீடுங்க கட்டறானுங்க லா. ஆத்தோரம் மூங்கில் பொதரை புல்டோசர் வாரித் தள்ளியிருக்கு. மண்ணுல சும்மா கெடந்துச்சு."

"யாரு எலும்போ யாரு பாவமோ. இப்படியா தூக்கிட்டு வருவ?"

"விட்டிருந்தா இந்நேரம் லாரி ஏறி நொறுங்கியிருக்கும். அச்சு எடுத்ததும் நானே கொண்டுபோய்ப் பொதைச்சிட்டு ஒரு சூடம் கொளுத்திடறேன். சத்தியமா. நீ மொகத்த அப்படி வெச்சுக்காத."

மூங்கில் என்று அவன் சொன்னதும் டின்னை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். தோட்டத்துச் சுடுகாடு மேட்டில், கோயிலுக்குப் பின்னால் இருந்தது. மூங்கில் பக்கம் புதைத்தது ஒரே ஒருத்தியைத்தான்.

குழாயடிக்கு எடுத்துப் போய்க் கழுவினேன். சேறு கரைந்து ஓடியது. உச்சியில் ஒரு ஓட்டை, அதைச் சுற்றித் துருக்கறை. ஓட்டைக்குப் பக்கத்தில் அரை விரல் தள்ளி ஒரு நசுங்கல். ஓட்டையைப் பார்த்தால் யாராக இருந்தாலும் ஆணி என்று சொல்லிவிடலாம். அந்த நசுங்கல் என்னவென்று உலகத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். என் முதல் அடி வழுக்கிப் போன இடம் அது.

சொல்லிவிடுகிறேன். அறுபத்தைந்தாம் வருஷம் என் அக்கா ராக்காயி இரண்டாவது பிரசவத்தில் செத்துப்போனாள். பிள்ளை வெளியே வரவேயில்லை. இரண்டு நாள் கத்தினாள். தோட்டத்து லாரி பழுதாகிக் கிடந்தது. வேறு லாரி வந்து சேர்ந்தபோது கத்தல் நின்று கொஞ்ச நேரம் ஆகியிருந்தது. வயிற்றுப் பிள்ளையோடு போனவள் அடங்கமாட்டாள் என்று லயத்து வீடுகளில் பேச்சு கிளம்பிவிட்டது. ஊர்நாட்டில் என்றால் அப்படிச் செத்தவளுக்கு ஒரு சுமைதாங்கிக் கல் நடுவார்களாம். தோட்டத்தில் கல்லுக்கு எங்கே போவது? அந்த மண்ணில் மலாய்க்காரர்களுக்கு இருந்த பயத்தையும் எங்கள் பயத்தோடு சேர்த்துக்கொண்டோம். தலையில் ஆணி அடித்தால் எழுந்து வராது என்பது அங்கிருந்து வந்த பேச்சு. அதை ஒரே வயிற்றில் பிறந்தவர்கள் அடித்தால்தான் கட்டுப்படும் என்பது எங்கள் ஆட்கள் தாங்களாகக் கூட்டியது. எங்கள் அப்பாவுக்கு நாங்கள் இரண்டே பெண்கள். ஆக, மிச்சம் இருந்தது நான்தான்.

கங்காணி ஆணியை என் கையில் கொடுத்தார். மூன்று அங்குல ஆணி. பத்தொன்பது வயது எனக்கு. அக்கா தலையை அப்பாதான் பிடித்துக்கொண்டார். முதல் அடி வழுக்கியது. எல்லாரும் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார்கள். செய்யச் சொன்ன ஒருத்தனுக்கும் அதைப் பார்க்கத் தைரியமில்லை.

ஜெயபாலனிடம், உங்கம்மாவை எரித்துச் சாம்பலை ஆற்றில் விட்டோம் என்று சொல்லி வளர்த்தேன். புதைத்தோம் என்றால் எங்கே என்பான், இடத்தைச் சொன்னால் ஏன் அங்கே என்று கேட்பான், ஏன் என்று கேட்டால் ஆணி வரும். அந்தப் பொய்யினால்தான் அவன் கூச்சமில்லாமல் மூங்கிலடியில் குனிந்து பெற்ற தாயின் தலையைப் பொறுக்கிக்கொண்டு வந்து நிற்கிறான்.

என்ன செய்வதென்று தெரியாமல், செய்கிற வேலையைச் செய்தேன். எலும்பு பாலை உறிஞ்சாமலிருக்க வார்னிஷ் பூசினேன். கண்குழியைக் களிமண்ணால் அடைத்தேன். கூடவே உச்சி ஓட்டையையும் மெழுகு வைத்து வழித்து மூடினேன். தவுக்கே வந்து திருப்பிப் பார்த்தார். மூங்கில் குச்சியால் மெழுகை நோண்டி எடுத்துவிட்டு, "மூடாத! இதுதான் பயம் காட்டும்!" என்று குதித்தார். எல்லாரையும் கூப்பிட்டு ஓட்டையைக் காட்டினார். அத்தனை பேர் முன்னால் ஜெயபாலன் தோளில் தட்டி, இனி இவன்தான் மண்டோர் என்றார். அவன் என்னைப் பார்த்துச் சிரித்த சிரிப்பைப் பார்த்த பிறகு பால் டின்னைத் திறந்துவிட்டேன்.

பத்துப் பூச்சு. மூன்று நாள். நெற்றி, கன்னத்து எலும்பு, பல் வரிசை என்று தூரிகை போகும்போதெல்லாம் அழுதேன். பக்கத்து மேசை நவமணி, "என்னக்கா, கண்ணு இப்படிச் செவந்திருக்கு?" என்றாள். பாலில் அமோனியா அதிகம் என்று சொன்னேன். ஆணி அடித்த அன்று நான் அழவில்லை. அழுதால் ஆணி கட்டுப்படாது என்று சொல்லியிருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் முதல் வார்ப்பு வந்தது. எல்லாரும் சாப்பிடப் போயிருந்தார்கள். நான் மட்டும் சாப்பாட்டுத் தூக்கைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன். ஜெயபாலன் சுண்ணாம்புத்தூள் கலந்து ஊற்றியதை உரித்து, காப்பி நிறச் சாயம் தடவித் துடைத்து எடுத்து வந்தான். அப்படியே அக்கா தலைதான். எது எலும்பு, எது ரெசின் என்று வித்தியாசம் தெரியவில்லை.

"சின்னம்மா, இங்க பாரேன். கொக்கி மாட்டத் தனியா ஓட்ட போட வேணாம் லா. உச்சியில இருக்கறதுலயே சங்கிலி போகுது."

ஆணி ஓட்டையில் சங்கிலியைக் கோத்து இடுப்பில் கட்டிக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றினான். தலை அவன் தொடையில் மோதி மோதி ஆடியது.

"கழட்டுடா."

"ஏன், நல்லா இல்லியா?"

"கழட்டுடா பாவி. அது உங்கம்மாடா."

அவன் சிரித்தான். பிறகு என் முகத்தைப் பார்த்தான். சங்கிலியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தான். நான் எல்லாவற்றையும் சொன்னேன். எரிக்கவில்லை என்றேன். மூங்கில் என்றேன். ஆணி என்றேன். கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டான்.

"யாரு அடிச்சது?"

பெரியவர்கள் என்று சொல்லியிருக்கலாம். செத்துப்போன அப்பா தலையில் போட்டிருக்கலாம். பதினேழு வருஷம் பொய் சொன்ன வாய்க்கு இன்னொரு பொய் பெரிதில்லை. ஆனால் அக்கா மேசைமேல் எலும்பும் ரெசினுமாக, இரண்டாக இருந்தாள்.

"நான்தான்டா. உனக்காகத்தான் அடிச்சேன்," என்றேன். "தாய் செத்தா மொதல்ல புள்ளையத் தேடித்தான் வரும், கையப் புடிச்சு இட்டுக்கிட்டுப் போயிடும்னு சொன்னாங்க. உன்னையும் விட்டுட்டா நான் என்னடா பண்ணுவேன்? நீ பொழைக்கணும்னுதான்."

அவன் கையில் ஒட்டியிருந்த ரெசினை நகத்தால் சுரண்டிக்கொண்டே இருந்தான்.

"எனக்கு அது ஞாபகம் இருக்கு," என்றான். "ராக்காயி வருவா, மகனத் தேடி வருவான்னு லயமே பேசுச்சு. எல்லாரும் கதவச் சாத்திக்கிட்டாங்க. நான் மட்டும் தூங்க மாட்டேன் சின்னம்மா. நீ தூங்குனதும் மெதுவாப் போயித் தாப்பாள எடுத்து விட்ருவேன். அம்மா வந்தா தெறக்க முடியாதே, அதான். எத்தன நாளு செஞ்சேன்னு தெரியல. ரொம்ப நாளு."

என்னால் அவனைப் பார்க்க முடியவில்லை.

"அவங்க வரவே இல்ல. செத்துப்போனா எல்லார் அம்மாவும் வரும்னு சொல்றாங்களே, நம்ம அம்மாவுக்கு நம்மள புடிக்கல போலன்னு நெனச்சுக்கிட்டேன். இத்தன வருசமா அப்படித்தான் நெனச்சுக்கிட்டு இருந்தேன்."

சட்டையைக் கழற்றி, எலும்புத் தலையை அதில் சுற்றி எடுத்துக்கொண்டு எழுந்தான். "நானும் வாரேன்டா," என்றேன்.

"வேணாம் சின்னம்மா," என்றான் ஜெயபாலன். "இந்தத் தடவையாவது அம்மாகூட நான் மட்டும் போறேன்."