சைவத் தங்கமீன்

நாராயணசாமியின் தங்கமீன்கள் அவித்த நூல்கோல் துண்டுகள்போல் வெளுத்துப்போய்த் தொட்டியில் மிதந்துகொண்டிருந்தன. வெளுக்காமல் என்ன செய்யும்? தினமும் பூசை முடித்த கையோடு தயிர்ச்சாதத்தை உருண்டை பிடித்துப் போடுவார். சிவப்பு ஏறட்டும் என்று அதில் குங்குமப்பூ வேறு. பிள்ளைத்தாய்ச்சிக்குக் கொடுப்பதையெல்லாம் மீனுக்குக் கொடுத்துப் பார்த்துவிட்டார். உப்பளம் பகுதியில் அவர் தாளாளராக இருந்து நடத்தும் பள்ளிக்கூடத்துக்கு வருகிற பெற்றோர் கண்ணில் முதலில் படுவது அவர் அறையிலிருக்கும் அந்தக் கண்ணாடித் தொட்டிதான்.

அமிர்தவல்லியைக் கூப்பிட்டு அனுப்பினார். மில் தொழிலாளியின் மகள். அவள் தெருவிலேயே முதல் பட்டதாரி. அறிவியல் டீச்சராகச் சேர்ந்து இரண்டு வருடமாகியும் தற்காலிகம்தான். அப்பாவின் மில் மூடிய பிறகு வீட்டு அடுப்பு அவள் சம்பளத்தில்தான் எரிந்தது.

"ஏம்மா, ஜுவாலஜிதானே படிச்சே? ஆண்டுவிழாவுக்குள்ள இதுங்களைச் செவப்பாக்கு. ஜூன்லேருந்து உன்னைப் பர்மனென்ட் பண்ணிடறேன்."

"இறால் தலையைக் காயவெச்சு இடிச்சுப் போடணும் சார். அந்த ஓட்டுலதான் செவப்பு இருக்கு."

"சிவ சிவா! என் ரூம்ல கவிச்சியா?"

அவளுக்கு இது புதிதில்லை. சேர்ந்த மாதமே, டிபன் பாக்ஸில் கருவாட்டுக் குழம்பு மணத்தது என்று ஆசிரியர் அறையிலிருந்து எழுப்பி, சைக்கிள் ஸ்டாண்டு வாதாமரத்தடியில் சாப்பிடச் சொன்னவர் இவர்தான். அன்றிலிருந்து காக்கைகளோடுதான் அவள் சாப்பாடு. மீன் தொட்டியில் இருக்கலாம். குழம்பில் மட்டும் இருக்கக்கூடாது.

"குளத்துல மீன் தயிர்சாதமா சார் தின்னுது?"

"வாய் ஜாஸ்தி உனக்கு. என்னத்தையோ செய். என்கிட்ட சொல்லாதே."

சொல்லாதே. அவருடைய சைவம் முழுக்க அந்த ஒரு வார்த்தைக்குள் அடக்கம்.

அம்மா வீராயி தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகத்தில் இறால் உரிக்கப் போகிறவள். குப்பைக்குப் போகிற தலையையும் ஓட்டையும் அள்ளி வந்து கூரைமேல் காயப்போட்டாள்.

"இதைத் துன்னா மீனு செவக்குமாடி?"

"செவக்கும்மா."

"நானும் பொறந்ததுலேருந்து துன்றேன். எம் மூஞ்சியப் பாரு!"

இடித்த தூளைக் கோதுமை மாவோடு பிசைந்து, அவித்து, மிளகளவு உருட்டிக் காயவைத்து ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் கொண்டுபோய் வைத்தாள். நாராயணசாமி ஒன்றும் கேட்கவில்லை. தன் கையாலேயே எடுத்துப் போட்டார். விரலில் ஒட்டிய தூளோடு விபூதியும் பூசிக்கொண்டார். மீன்களுக்கு முதலில் செதிலோரம் மஞ்சளோடியது, பிறகு முதுகு. ஆண்டுவிழாவுக்குள் செவ்வலரி நிறம் வந்துவிட்டது.

விழாவுக்குத் தலைமை தாங்க, பிரான்ஸில் டாக்டராக இருந்துவிட்டு ஊர் திரும்பிய மதாம் ஒருத்தி வந்திருந்தாள். தொட்டியருகே நின்றுவிட்டாள்.

"எங்க வீட்டு மீனெல்லாம் வெளுத்துப் போச்சு. நீங்க என்ன போடறீங்க?"

"சுத்த சைவம் மதாம். கேரட்டு, குங்குமப்பூ. உள்ள போறது சுத்தமா இருந்தா மேனியில தெரியும். பசங்களுக்கும் அதைத்தான் சொல்லித் தர்றோம்." சுற்றி நின்ற பெற்றோர் தலையாட்டினார்கள். அவர் அமிர்தவல்லி பக்கம் திரும்பினார். "சொல்லேம்மா, நீ ஜுவாலஜியாச்சே."

ஆமாம் சார் என்றால் போதும், ஜூன் அவளுடையது. வாயைக்கூடத் திறந்துவிட்டாள். அந்த நேரம் பார்த்து அவர் பாட்டிலிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்து, அபிஷேகம் செய்வதுபோல் தண்ணீரில் தூவினார்.

"இறால் தலை மதாம். தேங்காய்த்திட்டுல எங்கம்மா உரிச்சுப் போடறது. சார் தினம் தன் கையாலயே எடுத்துப் போட்டு, அந்தக் கையாலயே விபூதி பூசிக்கறாரு."

மதாம் பக்கென்று சிரித்துவிட்டாள். பெற்றோரில் சிலர் நாராயணசாமியின் நெற்றியைப் பார்த்தார்கள்.

மறுநாள் காலை தாளாளர் அறையில் பினாயில் வாடை. தொட்டியைக் காணோம். மீன்கள் வாதாமரத்தடியில், அவள் உட்காரும் இடத்திலேயே, ஒரு பிளாஸ்டிக் வாளியில் கிடந்தன. ஜூனில் வர வேண்டாம் என்று எழுத்தர் வந்து சொல்லிவிட்டுப் போனார்.

மதியம் மணி அடித்ததும் அமிர்தவல்லி வாளியைத் தூக்கிக்கொண்டு நேரே ஆசிரியர் அறைக்குள் போனாள். நடு மேசையில் வைத்தாள். பக்கத்தில் டிபன் பாக்ஸைத் திறந்தாள். காலையில் அம்மாவிடம் கேட்டு வாங்கிவந்த கருவாட்டுக் குழம்பு.

"ஐயோ டீச்சர், சார் பாத்தா எழுப்பிடுவாரே," என்று பதறினாள் பக்கத்து நாற்காலித் தனக்கொடி.

"பாக்கட்டும். வேலையை விட்டே எழுப்பிட்டாரு. இன்னும் எங்கேருந்து எழுப்பப் போறாரு?"