அறுபத்தொன்றாம் இதழிலிருந்து

கழுகுமாறனை எங்கிருந்து படிக்கத் தொடங்க வேண்டும் என்ற கேள்விக்குத் தேசப்பனிடம் இத்தனை வருடமாக ஒரே பதில்தான் இருந்தது. அறுபத்தொன்றாம் இதழ். வாசகர் கடிதங்களுக்கு அப்படித்தான் பதில் போட்டார். பஸ் நிலையத்துப் புத்தகக் கடைக்காரர்களிடமும் அதையே சொல்லி வைத்திருந்தார். ஒன்றிலிருந்து படித்தால் என்ன என்று யாராவது இழுத்தால், "ஆரம்பத்துல கை பழகல" என்று வாயை அடைத்துவிடுவார்.

அது பொய் என்று முதல் அறுபது இதழ்களைப் பார்த்த எவருக்கும் தெரியும். கழுகுமாறன் முந்நூற்று முப்பத்தோரு இதழ் வந்த சித்திரக்கதை. செங்கல்பட்டு வேதகிரி அச்சகத்தின் பெயரைத் தமிழ்நாடு முழுக்கக் கொண்டுபோனது. அதில் படம் படமாக இருந்தது அந்த அறுபதில்தான். திருக்கழுக்குன்றம் மலையில் உச்சி வேளைக்கு இறங்கும் இரண்டு கழுகுகளின் வரம் பெற்ற அண்ணனும் தங்கையும், மாறனும் வேணியும், சிறகு விரித்துப் பறந்து அநியாயக்காரர்களை அடக்குவதுதான் கதை. கதை தேசப்பனுடையது. படம் அவர் தங்கை கல்யாணி போட்டது. பதினேழு வயதில் மலைப்படியில் உட்கார்ந்து கழுகின் இறகை ஒவ்வொன்றாக எண்ணி வரைந்தவள். ஒவ்வொரு அட்டையின் மூலையிலும் சின்னதாக அவள் கையெழுத்து இருக்கும்.

ஐந்தாம் வருடம் அவள் அச்சகத்தில் எழுத்துக் கோத்துக்கொண்டிருந்த தனக்கோடியோடு போய்விட்டாள். அவன் மாமல்லபுரத்துப் பக்கத்து மீனவக் குப்பத்துக்காரன். படாளத்தில் பத்துத் தலைமுறையாக ஏர் பூட்டிய தேசப்பனின் குடும்பம் வெளியில் தலைகாட்ட முடியாமல் போயிற்று. அப்பா பங்காளிகளைக் கூட்டி ஏரிக்கரைக்கு அழைத்துப் போனார். உயிரோடு இருக்கும் மகளுக்கு எல்லோரும் தலை முழுகினார்கள். தேசப்பனும் முழுகினார். ஈரத்தோடு அச்சகத்துக்கு வந்து அறுபத்தொன்றாம் இதழை எழுதினார்.

ஒவ்வொரு இதழின் முதல் பக்கத்திலும் முன்கதைக் கட்டம் ஒன்று உண்டு. இதழைத் தவறவிட்டவர்கள் அதை நம்பித்தான் வாங்குவார்கள். அந்தக் கட்டத்தில் அவர் நான்கு வரி எழுதினார்: "குலத்தின் சொல்லை மீறிக் கடல் தாண்டப் பறந்த வேணி நடுக்கடலில் மூழ்கி மாண்டாள். மாறன் அழவில்லை. தலை முழுகினான். இனி அவன் தனியன்."

அறுபதாம் இதழின் கடைசிப் படத்தில் வேணி சிரித்தபடி பறந்துகொண்டிருந்தாள். ஆகவே வாசகர்கள் நடுவில் ஓர் இதழ் தங்களுக்கு வந்து சேரவில்லை என்று நினைத்தார்கள். விட்டுப்போன இதழைக் கேட்டு மூட்டையாகக் கடிதம் வந்தது. சிலர் தபால் தலையும் வைத்து அனுப்பினார்கள். தேசப்பன் ஒன்றுக்கும் பதில் எழுதவில்லை. அதற்குப் பிறகு எத்தனையோ ஓவியர்களை வைத்துப் பார்த்தார். மாறன் பறந்தான், ஆனால் கனமாகப் பறந்தான்.

இப்போது அவருக்கு எழுபத்தொன்று. அச்சகம் மூடிப் பதினைந்து வருடம் ஆகிறது. சென்னையில் ஒரு பதிப்பகம் கழுகுமாறனைத் தொகுதிகளாகக் கொண்டுவர முன்வந்தது. பிரியங்கா என்ற பெண் அதற்குப் பொறுப்பு. வீட்டுக்கு வந்து பீரோவில் கட்டுக்கட்டாக இருந்ததை எல்லாம் புரட்டிவிட்டுப் போனாள். இரண்டு வாரம் கழித்துப் போனில் கூப்பிட்டாள்.

"சார், ஒண்ணுல இருந்துதான் போடணும்னு எங்க ஆபீஸ்ல சொல்றாங்க. அந்தப் படங்கதான் புக்கையே தூக்கி நிறுத்துது. ஆனா அட்டையில கல்யாணின்னு சைன் இருக்கே, அவங்ககிட்ட ஒரு லெட்டர் வேணும். அவங்க யாரு சார்?"

"அச்சகத்துல வேல செஞ்சவங்க. நான் வாங்கித் தரேன்" என்றார் தேசப்பன்.

சாவதற்குள் அட்டையில் தன் பெயரையும் அச்சகத்தின் பெயரையும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும். அவருக்கு மிஞ்சியிருந்த ஆசை அது ஒன்றுதான். கடிதத்தைத் தானே எழுதி எடுத்துக்கொண்டு, கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையில் மாமல்லபுரம் பஸ் ஏறினார்.

குப்பத்தில் கேட்டதும் வீட்டைக் காட்டினார்கள். மாடி வைத்துக் கட்டியிருந்தார்கள். வாசலில் தகரக் கொட்டகை. ஓரமாக மீன் பெட்டிகள் கழுவிக் கவிழ்த்திருந்தன. நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்த தனக்கோடி எழுந்து நின்றான். தலை முழுக்க வெள்ளை.

"வாங்க மச்சான். இப்பதான் வழி தெரிஞ்சிச்சா?"

மச்சான் என்ற சொல் தேசப்பனின் மேலே எச்சில் போல விழுந்தது. "கல்யாணியப் பாக்கணும்" என்றார்.

"உட்காருங்க. யாரு உங்கள முழுங்கப் போறாங்க?"

"நின்னுக்கினே பேசறேன்."

கல்யாணி வந்தாள். பருத்திருந்தாள். கண்ணாடி போட்டிருந்தாள். கையில் செம்பு நிறையத் தண்ணீர். அவர் அதை வாங்கவில்லை. அறுத்துக்கொண்ட வீட்டில் தண்ணீர் குடித்தால் அறுத்தது கூடிவிடும். அவளுக்கும் அது தெரியும். செம்பை அவர் பக்கத்துப் பெட்டி மேல் வைத்துவிட்டுக் கடிதத்தை வாங்கிக்கொண்டாள்.

'மேற்படி அறுபது இதழ்களின் சித்திரங்கள் வேதகிரி அச்சகத்தின் கூட்டு உழைப்பாகும். எனக்கு அவற்றில் யாதொரு உரிமையும் கிடையாது. பெயரும் வேண்டேன்.'

அவள் சிரித்தாள். "இன்னாண்ணா இது, பத்திரம் எழுதறவன்கூட இப்படி எழுத மாட்டான். வேண்டேனாம்!"

"கையெழுத்துப் போடுவியா மாட்டியா?"

"போடறேன்."

தேசப்பன் திடுக்கிட்டார். அழுகைக்கும் சண்டைக்கும் தயாராக வந்திருந்தார். இதற்குத் தயாராக வரவில்லை.

"எனக்குப் பேரு வேணாம். நீயே வரைஞ்சன்னு கூடப் போட்டுக்கோ" என்றாள். "ஒண்ணே ஒண்ணு. அறுபத்தொண்ணுல அந்த நாலு வரி கீது பாரு, அத எடுத்துடு."

"எடுத்துட்டு?"

"இன்னா வேணா எழுது. வேணி கல்யாணம் ஆயி ஊரோட போய்ட்டான்னு எழுது. ஒண்ணுமே எழுதாம வுடு. மூழ்கிச் செத்தான்னு மட்டும் வேணாம். இவரு கடலுக்குப் போய்க்கினு இருந்த ஆளு. இந்த வூட்டுல அந்தப் பேச்ச வச்சிக்கினு இருக்க முடியுமா? என் மவன் ரெண்டாங்கிளாஸ்ல அத எழுத்துக் கூட்டிப் படிச்சிட்டு, தங்கச்சி ஏம்மா செத்துச்சின்னு எங்கிட்டயே கேட்டான்."

"அச்சுல ஏறுனது ஏறுனதுதான்."

"நான் உங்கக்கிட்ட அஞ்சு வருசம் எழுத்துக் கோத்தவன் மச்சான்" என்றான் தனக்கோடி. "ஏத்தறதுக்குத்தான் நாழியாவும். எறக்கறது ரெண்டு நிமிசத்து வேல."

"நான் உங்கிட்ட பேசல."

"எங்கிட்ட பேசுண்ணா" என்றாள் கல்யாணி. பேனா அவள் விரலில் இருந்தது. கடிதத்தை மீன் பெட்டி மேல் விரித்து வைத்திருந்தாள். "முதல் அறுபதும் உனக்கு. பேரும் உனக்கு. நாலு வரிதான் கேக்கறேன்."

ஒரு தலையசைப்பு போதும். அது தேசப்பனுக்குத் தெரிந்தேயிருந்தது. ஆனால் அந்த நான்கு வரிகளை எடுத்தால் ஏரிக்கரையில் முழுகிய முழுக்கு என்ன ஆகும்? அப்பா ஒன்பது வருடம் மகள் பெயரைச் சொல்லாமலே இருந்து போய்ச் சேர்ந்தார். அவருக்குப் பின்னால் அம்மா கடைசி மூன்று நாள், கல்யாணிக்குச் சொல்லி அனுப்பு, கல்யாணிக்குச் சொல்லி அனுப்பு என்று கேட்டுக்கொண்டே கிடந்தாள். செத்தவளுக்கு எப்படிச் சொல்லி அனுப்புவது என்றார் அவர். அப்படித்தான் சொன்னார், அம்மாவின் முகத்தைப் பார்த்தே சொன்னார். வேணி சாகவில்லை என்றால் அன்றைக்கு அவர் செய்ததற்குப் பெயர் என்ன?

"முடியாது" என்றார்.

 கல்யாணி பேனாவை மூடினாள். கடிதத்தை மடிப்புக் கலையாமல் மடித்து நீட்டினாள்.

"அப்ப கெளம்புண்ணா. வெயில் ஏறுது."

"உங்க அண்ணாத்தைக்கு எளநியாவது சீவிக் குடு" என்று தனக்கோடி பின்னாலிருந்து சொன்னான். அவள் வேண்டாம் என்று கையசைத்தாள். தேசப்பன் முதுகு வளையாமல் பஸ் நிறுத்தம் வரை நடந்தார். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியிருந்தது. செங்கல்பட்டில் இறங்கித்தான் தண்ணீர் வாங்கிக் குடித்தார்.

மறுநாள் காலை பிரியங்கா கூப்பிட்டாள்.

"லெட்டர் கிடைச்சுதா சார்?"

"முதல் அறுபது இதழ் இல்லம்மா. கரையான் அரிச்சிடுச்சி."

"போன மாசம் நல்லா இருந்துதே சார், நானே பார்த்தேனே?"

"அரிச்சிடுச்சின்னு சொல்றன் இல்ல?"

 அவள் யாரையோ கேட்டுவிட்டுத் திரும்பப் போனுக்கு வந்தாள். "சரி சார். பெரிய புக்கா வராது, சின்னதாத்தான் போடுவாங்களாம். அட்டைக்குக்கூட அந்தப் படம் வராது. பரவாயில்லையா?"

"பரவால்ல."

"அப்போ புதுசாப் படிக்கிறவங்களுக்கு எங்க ஆரம்பிக்கிறதுன்னு ஒரு பக்கம் வேணும். சொல்லுங்க, அடிச்சுக்கறேன்."

தேசப்பன் நிமிர்ந்து உட்கார்ந்து, தலையங்கம் சொல்வது போலச் சொன்னார். "புதிய வாசகர்கள் அறுபத்தொன்றாம் இதழிலிருந்து தயங்காமல் தொடங்கலாம். அதற்கு முந்தைய எதையும் அறிந்திருக்கத் தேவையில்லை. தேவையானவை முன்கதைக் கட்டத்திலேயே உள்ளன."

"சூப்பர் சார். ஒரு டவுட். கட்டத்துல தங்கச்சி செத்துட்டான்னு வருதே, அது எந்த இதழ்ல நடக்குது? படிக்கிறவங்க மொதல்ல அதத்தான் கேப்பாங்க."

"இதழ்ல நடக்கலம்மா" என்றார் தேசப்பன்.  "வூட்டுல நடந்துச்சி."

"அதையும் போடட்டுமா சார்?"

"வேணாம். அறுபத்தொண்ணுன்னு மட்டும் போடு."