களத்தில் சொல்லக் கூடாதது

என் கணவருக்கு ஞானம் வந்து சில மாதங்களாகின்றன. கைபேசி வழியாக வந்தது.

சுதாகரன் கல்லடியில் எங்கள் வீட்டிலிருந்தபடியே வெளிநாட்டுக் கம்பனி ஒன்றுக்கு இணையத்தளங்கள் செய்து கொடுப்பவர். எங்கள் குழந்தை இறந்து பிறந்த பிறகு, காதில் எதையோ மாட்டிக்கொண்டு சுவரைப் பார்த்து உட்காரத் தொடங்கினார். கேட்டால் ஜென் என்றார். இந்த நாட்டில் சந்திக்குச் சந்தி புத்தர் இருக்கிறார். என் கணவருக்கு மட்டும் ஜப்பானிலிருந்து வரவேண்டியிருந்தது.

"பிடிச்சு வெச்சிருந்தாத்தான் நோகும், ஆர்த்திகா. விட்டிரு" என்பார்.

தொட்டிலை யாருக்கோ கொடுத்தார். பிறகு சோபா போனது, சுவர்ப்படங்கள் போயின. வீடு கழுவிவிட்ட மீன்கடை போலக் கிடந்தது. வந்தவர்கள் "சுதாகரன் நல்லாப் பக்குவப்பட்டிட்டார்" என்று மெச்சிவிட்டுப் போனார்கள். என்னை யாரும் மெச்சவில்லை. இத்தனைக்கும் எனக்கும் எதுவும் நோகவில்லை. சோற்றில் ருசி இல்லை, ஆனாலும் சாப்பிட்டேன். தலையில் ஊற்றும் தண்ணீர் சூடா குளிரா என்று தெரியாமல் குளித்தேன். அவர் விடியவே எழும்பி, கால் மரத்துப்போக உட்கார்ந்து தேடிய வெறுமை எனக்குச் சும்மா கிடைத்திருந்தது. அதற்கு ஞானம் என்று பேரில்லை என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

ஒருநாள் அவர் காதில் மாட்ட மறந்து தினமும் கேட்கும் உபதேசத்தைச் சத்தமாக ஓடவிட்டார். மழையில் நடக்கிறவன் நனைகிறோம் என்பதை அறிந்து நடக்க வேண்டும் என்று ஒரு குரல் சொன்னது. எனக்குப் பிடித்திருந்தது. அந்த மனிதர் குடை பிடிக்கச் சொல்லவே இல்லை. என் கணவர் எப்படியோ அதில் குடையை மட்டும் கேட்டிருக்கிறார்.

பெண் பிள்ளை. அவ்வளவுதான் எனக்குத் தெரியும், முகம் தெரியாது. ஆஸ்பத்திரியில் தாதி "பிள்ளையப் பாக்கிறீங்களா?" என்று என்னிடம்தான் கேட்டாள். அரை மயக்கத்தில் நான் வாய் திறப்பதற்குள் அவர் "வேணாம்" என்று சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு அந்தப் பிள்ளையைப் பற்றி என்னிடம் அவர் ஒரு சொல்லும் பேசவில்லை.

மாசியில், அறுவடை என்று சாட்டுச் சொல்லி மண்டூரில் என் அப்பா வீட்டுக்கு வந்தேன். திரும்பிப் போகிற எண்ணமில்லை. அவர் ஒரு தரமாவது அந்தப் பிள்ளையைப் பற்றிப் பேசினால் போவேன், இல்லாவிட்டால் இங்கேயே இருந்துவிடுவேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன்.

அறுவடையன்று அவர் என்னைக் கூட்டிப்போக வந்தார். நேரே வயல்வட்டைக்குத்தான் வந்தார். வயல் முழுக்க வெட்டு மெசின் ஓடிக்கொண்டிருந்தது. என் அப்பா சாமித்தம்பி மெசினை ஏற்றுக்கொண்டவர், ஆனால் களத்துப் பேச்சை விடாதவர். நெல் குவிகிற இடத்தில் இல்லை, முடிந்தது, குறைந்தது என்று யாரும் வாய்விடக் கூடாது. தீர்ந்துபோனாலும் பெருகிற்று என்றுதான் சொல்ல வேண்டும். அந்தச் சொற்களைச் சொல்லிவிட்டால் நெல்லின் பொலிவு போய்விடும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. கூலிக்கு வந்தவர்களும் அப்படித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள்.

மெசின் கடைசித் தரம் தரையில் விரித்திருந்த படங்கில் நெல்லைக் கொட்டிவிட்டு நின்றது. அப்பா தூரத்திலிருந்து கேட்டார். "மருமகன், மெசினுக்குள்ள இன்னும் கிடக்கா?"

அவர் எட்டிப் பார்த்தார். "ஒண்டுமில்ல மாமா. முடிஞ்சுது."

சாக்குப் பிடித்துக்கொண்டிருந்தவர்கள் அப்படியே நின்றார்கள். அப்பாவின் முகம் கறுத்துப்போனது. மருமகன் என்பதால் குரலை உயர்த்தவில்லை.

"இஞ்ச அப்பிடிச் சொல்லப்படாது மருமகன். பெருகிற்று எண்டு சொல்லுங்க."

"பெருகிற்று மாமா" என்றார் அவர், பிள்ளைகளுக்கு விட்டுக்கொடுப்பவரின் சிரிப்போடு. பிறகு நான் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்த வரம்புக்கு வந்து உட்கார்ந்தார். "சொல்லில என்ன இருக்கு, ஆர்த்திகா?"

தேத்தண்ணியை அவர் கையில் கொடுத்தேன்.

"ஆஸ்பத்திரி வாசல்ல அம்மா என்ன பிள்ளை எண்டு கேக்கக்குள்ள நீங்க என்ன சொன்னீங்க?"

அவர் குடிக்கப் போன கையை இறக்கினார்.

"ஒண்டுமில்ல மாமி எண்டு சொன்னீங்க. அப்பாட களத்தில பதருக்குக் கூட அந்தச் சொல் ஆகாது. என்ட பிள்ளைக்குச் சொன்னீங்க." என் குரல் கடைக்காரரிடம் விலை கேட்பது போலத்தான் இருந்தது. "அது ஆரை மாதிரி இருந்துது எண்டு நான் இனி ஆரிட்டப் போய்க் கேக்கிற?"

தேத்தண்ணி ஆறும்வரை அப்படியே வைத்திருந்தார்.

"நான் பாத்தன்" என்றார்.

"என்ன?"

"அடக்கக் கொண்டு போகக்குள்ள துணிய விலத்திப் பாத்தன். நீ தாங்கமாட்டாய் எண்டுதான் வேணாம் எண்டு சொன்னன். பாத்த பிறகு எனக்கும் தாங்க ஏலாமப் போயிற்று." தேத்தண்ணியை வரம்பில் வைத்தார். "தலை நிறைய முடி. உன்ட காது. இடப்பக்கக் காதுட நுனி மடிஞ்சிருந்துது. நீட்டு விரல். சுவரப் பாத்துக்கொண்டு இருந்தா எனக்கு வெறுமை எல்லாம் வாறல்ல, ஆர்த்திகா. அதுதான் வருது."

அவர் அழுதார். எனக்கு அழுகை வரவில்லை, கோபம் வந்தது. எல்லாவற்றையும் விட்டுவிடு என்று எனக்குப் பாடம் எடுத்துக்கொண்டு, என் பிள்ளையின் முகத்தை இந்த மனிதர் இவ்வளவு காலமும் தனக்கென்று வைத்திருந்திருக்கிறார். தேத்தண்ணிக் கேத்திலைப் பிடித்திருந்த விரல் சுடுவது அப்போதுதான் தெரிந்தது.

கேத்திலைக் கீழே வைத்துவிட்டு அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"முடியில இருந்து திருப்பிச் சொல்லுங்க" என்றேன். "ஒண்டையும் விடாமச் சொல்லுங்க."