கம்பெனி பைப்

தாரியின் அம்மா உம்மு தாரி ஏழாவது தடவையாக அந்த டிராஃபிக்கைச் சொல்லிக்கொண்டிருந்தாள். புதிதாக வந்து உட்கார்ந்த மூன்று பெண்களும் கறுப்பு அபாயாவை இழுத்துவிட்டுக்கொண்டு, கையில் வாங்கிய காபியைக் குடிக்கலாமா, இன்னும் கொஞ்சம் துக்கப்பட்டுவிட்டுக் குடிக்கலாமா என்ற முகத்தோடு கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"ஆஸ்பத்திரிக்குப் போறப்ப அஞ்சாம் ரிங் ரோட்டுல ஏறினதும் ரோடு பூட்டிக்கிச்சு. முன்னாலயும் வண்டி, பின்னாலயும் வண்டி. என் புள்ள என்ன பண்ணுவான், பறக்கவா முடியும்? ஒன்பது நிமிஷம். ஹெஸ்ஸா, ஒன்பது நிமிஷம்தானே?"

"ஆமா யும்மா," என்றாள் பக்கத்தில் இருந்த மகள்.

ஹெஸ்ஸாவுக்கு முப்பத்தாறு வயது. பள்ளிக்கூடத்தில் வேதியியல் சொல்லித்தருபவள். பொய் சொல்லும் பிள்ளைகளைக் கண்ணைப் பார்த்தே பிடித்துவிடுவாள் என்று பெயர். இப்போது அவள் யார் கண்ணையும் பார்க்காமல், கம்பளத்தின் ஓரத்துப் பூவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

துக்கம் கேட்கும் மூன்று நாளில் இது இரண்டாவது நாள். முதல் நாள் அது வெறும் டிராஃபிக்காக இருந்தது. இன்று மதியத்துக்குள் ஒரு தண்ணீர் லாரி கவிழ்ந்துவிட்டது. உம்மு தாரி அதைக் கவிழ்க்கவில்லை. வந்தவர்களில் யாரோ ஒருத்தி, அனுதாபம் தாங்காமல் கவிழ்த்துவிட்டுப் போயிருந்தாள். அடுத்து வந்தவர்கள், "அந்த லாரியாமே" என்று விசாரித்தபடியே உள்ளே நுழைந்தார்கள்.

இதில் ஒரே ஒரு சிக்கல். உம்மு தாரியின் இறந்துபோன கணவர் அபூ தாரிக்கு நெஞ்சு வலித்தது வெள்ளிக்கிழமை மதியம் இரண்டரை மணிக்கு. ஜூலை மாதம். தொழுதுவிட்டு வந்து, மீன் போட்ட சோற்றை ஒரு பிடி பிடித்துவிட்டு ஊரே குளிர்சாதனத்துக்கு அடியில் மல்லாந்து கிடக்கும் நேரம். குவைத்தில் அந்த நேரத்தில் நடு ரோட்டில் பாய் விரித்துப் படுக்கலாம், வெயில் சுடாமல் இருந்தால்.

இது எதிர்வீட்டு உம்மு ஃபவாஸுக்கு நன்றாகத் தெரியும். மூன்று பொழுதும் தவறாமல் வந்து, வாசலைப் பார்த்த சோபாவிலேயே உட்கார்ந்திருந்தாள். துக்க வீட்டில் வாய் திறக்கக் கூடாது என்ற மரியாதை தெரிந்தவள். அதனால் புருவத்தை மட்டும் உயர்த்தினாள்.

*

நடந்தது இதுதான். அது காரில் இருந்த மூன்று பேருக்குத்தான் தெரியும். அதில் ஒருவரைச் சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அடக்கம் செய்தாகிவிட்டது.

மகன் தாரிக்கு இருபத்தெட்டு வயது. அவனிடம் ஒரு டர்போ கார் இருந்தது. வாங்கும்போது அது யோக்கியமான கார்தான். ஷுவைக் பேட்டைப் பக்கத்து ஒர்க்‌ஷாப்பில் கொண்டுபோய் விட்டு, காரின் கம்ப்யூட்டரைத் தட்டி, டர்போ அடிக்கும் காற்றை ஒன்றரை மடங்காக்கி, அதன் குணத்தையே மாற்றிவிட்டான். ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு சின்னத் திருகு. ஒன்றாம் நம்பரில் வைத்தால் வண்டி கம்பெனியிலிருந்து வந்த மாதிரி ஓடும். இரண்டு, நண்பர்களோடு போகும்போது. மூன்று வைத்தால் சீட்டோடு சேர்த்து முதுகை ஒட்டவைத்துவிடும்.

மாற்றாமல் விட்டது ஒன்றே ஒன்று. டர்போவிலிருந்து எஞ்சினுக்குக் காற்றைக் கொண்டுபோகும் கறுப்பு பிளாஸ்டிக் பைப். முழங்கை மாதிரி வளைந்து, நுனியில் ஒரு ரப்பர் வளையமும் கம்பிக் கிளிப்பும் போட்டிருக்கும். கூட்டாளிகள் எல்லோரும் அதைக் கழற்றி எறிந்துவிட்டு அலுமினியத்தில் போட்டிருந்தார்கள். தாரியும் போட்டிருப்பான். அவனுடைய அப்பா விடவில்லை.

அபூ தாரி கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையில் இருபத்தொன்பது வருஷம் குழாய்ப் பராமரிப்பில் இருந்தவர். ரிட்டயர் ஆன பிறகு பராமரிக்கக் குழாய் கிடைக்காமல் வீட்டில் தவித்துக்கொண்டிருந்தார். மகன் காரில் ஒன்று கிடைத்ததும் பிடித்துக்கொண்டார். ஆறு மாதம் அந்த வீட்டில் ராச்சாப்பாடு பைப்பைத் தொட்டுக்கொண்டுதான் நடந்தது.

"கம்பெனிக்காரன் கழுதையா? பனியில வெச்சு, வெயில்ல வெச்சு, கணக்குப் போட்டுத்தான் அந்த பைப்பை மாட்டியிருக்கான்."

"அவன் கணக்கு அவன் வெச்ச காத்துக்கு, யுபா. நான்தான் காத்தைக் கூட்டிட்டேனே."

"அப்போ காத்தைக் குறை."

"குறைக்கவா இவ்வளவு பாடுபட்டேன்?"

"உன் ஒர்க்‌ஷாப்காரன் ஒட்டவெச்ச அலுமினியம் ஒருநாள் வெல்டு விட்டுப்போகும். நான் சொல்றேன் பாரு. கம்பெனி சாமான் கம்பெனி சாமான்தான்."

இரண்டு பேரும் சொன்னது சரிதான், அதுதான் வினை. கடைசியில் போர்நிறுத்தம் மாதிரி ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தார்கள். பைப் கம்பெனி பைப்பாகவே இருக்கும். அது இருக்கும்வரை மூன்றாம் நம்பரைத் தொடக் கூடாது. தாரி தலையாட்டினான். தொடவும் இல்லை. ஊரில் எவனும் நம்பமாட்டான், ஆனால் அவன் தொடவில்லை. நண்பர்கள் 'வாப்பாவோட பைப்பு' என்று கேலி பண்ணியும் தொடவில்லை.

வெள்ளிக்கிழமை சாப்பிட்டு எழுந்த அபூ தாரி சுவரைப் பிடித்தார். முகம் சாம்பலாகிவிட்டது. ஆம்புலன்ஸைக் கூப்பிடலாம் என்று ஹெஸ்ஸா போனை எடுத்தாள். "அவன் வண்டி எதுக்கு நிக்குது?" என்று அவரேதான் சொன்னார். அதில் கொஞ்சம் பெருமை இருந்ததாக ஹெஸ்ஸாவுக்குப் பட்டது, இதற்கு முன்னால் ஒருநாளும் காட்டாத பெருமை. அம்மாவை வீட்டில் விட்டுவிட்டு, பின் சீட்டில் அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு அவள் உட்கார்ந்தாள்.

ரோடு காலி. தாரி வேகமாகத்தான் ஓட்டினான், ஆனால் திருகைத் தொடவில்லை. மடியில் இருந்த தலை கனத்துக்கொண்டே போனது. வேர்வை அவள் அபாயாவை நனைத்தது. ஆறு மாதச் சாப்பாட்டுச் சண்டையில் அவள் காதில் விழுந்து ஒட்டிக்கொண்டிருந்த ஒரே ஒரு சமாச்சாரம் அப்போது வாயில் வந்தது.

"மூணைப் போடுடா."

"ஹெஸ்ஸா..."

"மூணைப் போடு. சாகட்டும்னு ஓட்டறியா?"

அவன் போட்டான்.

வண்டி பாய்ந்தது. மூன்று பாலம் தாண்டியிருக்க மாட்டார்கள். முன்பக்கத்தில் வெடி போட்ட மாதிரி ஒரு சத்தம், பிறகு பெரிய பலூன் காற்றை விடுகிற சீறல், பிறகு ஒன்றும் இல்லை. எவ்வளவு மிதித்தாலும் வண்டி தவழ்ந்தது, பிறகு குலுங்கி நின்றுவிட்டது. தாரி இறங்கி ஓடி பானெட்டைத் திறந்தான்.

மடியில் இருந்தவர் கண்ணைத் திறக்காமலே சொன்னார். "பைப்பு." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "சூடா இருக்கும். துணியால புடிக்கச் சொல்லு."

ஹெஸ்ஸா கண்ணாடியை இறக்கிக் கத்தினாள். தாரிக்குக் கேட்கவில்லை. அவன் ஏற்கனவே வெறுங்கையால் பிடித்துவிட்டான். பைப்பை இடத்தில் அழுத்தி, தெறித்த கிளிப்பை எஞ்சினுக்குள் தேடி எடுத்து மாட்டி, மறுபடி கிளப்ப ஒன்பது நிமிஷம் ஆனது. ஏழாவது நிமிஷத்தில் மடியின் கனம் வேறு மாதிரி ஆனதை ஹெஸ்ஸா உணர்ந்தாள். அவனிடம் சொல்லவில்லை.

ஆஸ்பத்திரி வாசலில், டாக்டர் வெளியே வருவதற்கு முன்னால், தாரி அவள் பக்கம் திரும்பினான். "டிராஃபிக்குனு சொல்லிடலாம்," என்றான். தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறான் என்றுதான் முதலில் நினைத்தாள். வீட்டுக்கு வந்து படுத்த பிறகுதான், அவன் யாரைக் காப்பாற்றினான் என்பது அவளுக்கு உறைத்தது.

மறுநாள் கல்லறையில் வரிசையாக வந்த நானூறு பேருக்கும் தாரி கை கொடுத்தான். கட்டுப் போட்டால் யாராவது கேட்பார்கள் என்று கட்டுப் போடவில்லை. வீட்டுக்கு வந்தபோது உள்ளங்கைத் தோல் உரிந்து தொங்கியது. அம்மா கேட்டதற்குக் காபிக் கெண்டி பட்டுவிட்டது என்றான். அந்த வீட்டில் அவன் இன்றுவரை காபிக் கெண்டியைத் தொட்டதில்லை.

*

மூன்றாம் நாள் சாயங்காலம் லாரி இரண்டாகியிருந்தது. உம்மு ஜர்ராஹ் என்ற பருமனான பெண், அடுத்த தெருக்காரி, மூச்சு வாங்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். கெட்ட எண்ணம் எதுவும் இல்லாதவள். அப்படிப்பட்டவர்கள்தான் இந்த மாதிரி வேலைக்குத் தோதானவர்கள்.

"இந்தப் பொறுமைக்கு அல்லாஹ் உங்களுக்குப் பெரிய கூலி தரட்டும், உம்மு தாரி. என் மகன் சொல்லிச் சொல்லி மாஞ்சு போறான். வெள்ளிக்கிழமை அந்தப் பக்கமாத்தான் போனானாம். தாரி வண்டி ரோட்டோரமா பானெட்டைத் திறந்துட்டு நின்னுச்சாம். கூட்டாளிங்களோட சேர்ந்து ஏதோ நோண்டிக்கிட்டிருக்கான்னு நெனச்சு இவன் போயிட்டானாம். நின்னு கேட்டிருக்கலாமேன்னு ஒரே அழுகை."

காபி ஊற்றிக்கொண்டிருந்தவள் கெண்டியை அப்படியே பிடித்துக்கொண்டாள். 

உம்மு ஃபவாஸ் இரண்டரை நாள் காத்த விரதத்தை முடித்தாள். "பானெட் திறந்து நின்னுச்சா? அப்போ டிராஃபிக் இல்லையா?" என்று கேட்டாள், மிக மெதுவாக, தண்ணீர் கேட்பதுபோல.

உம்மு தாரி மகளைப் பார்த்தாள்.

ஹெஸ்ஸா வாயைத் திறந்தாள். "யும்மா, அது வந்து... நான்..."

அம்மாவின் விரல்கள் அவள் மணிக்கட்டைப் பிடித்தன. வளையல் தோலில் பதிகிற அளவுக்குப் பிடித்தன.

"அவருதான் நிறுத்தச் சொல்லியிருப்பாரு," என்றாள் உம்மு தாரி கூடத்தைப் பார்த்து.  "டிராஃபிக்ல மெல்ல ஊர்றப்ப ஏதாவது சத்தம் கேட்டிருக்கும். அவருக்குத்தான் ஒரு சத்தம் ஆகாதே. கல்யாணமான புதுசுல மக்காவுக்குக் கூட்டிட்டுப் போனாரு. சவுதி எல்லையில இருக்கற கஃப்ஜி தாண்டறதுக்குள்ள நாலு தடவை எறங்கி பானெட்டைத் திறந்தாரு. நான் உள்ள ஒக்காந்து வெந்தேன். என்னங்க ஆச்சுன்னு கேட்டா, ஒண்ணுமில்ல, இனிமே ஆகாம இருக்கப் பாக்குறேன்னாரு."

யாரோ ஒருத்தி சிரித்துவிட்டாள். உடனே இன்னும் இரண்டு பேர். "எங்க வீட்டுலயும் அப்படித்தான்," என்று ஒரு குரல் வந்தது. இறந்தவரின் குணத்தைப் பற்றிப் பேச்சு கிளம்பிவிட்டது. பேச்சு குணத்துக்குப் போய்விட்டால் பிறகு பானெட்டுக்குத் திரும்ப வராது. உம்மு ஃபவாஸ் காபியைக் குடித்து முடித்து, போதும் என்று கோப்பையை ஆட்டிக் காட்டினாள்.

மணிக்கட்டை மட்டும் அம்மா விடவில்லை.

*

அந்தி நேர மக்ரிப் தொழுகைக்குப் பாங்கு சொன்னதும் கூட்டம் கலைந்தது. தொழுகையை முடித்துக்கொண்டு உம்மு தாரி செருப்பை மாட்டினாள்.

"எங்க போறீங்க யும்மா? இத்தா துக்கத்துல நாலு மாசம் வாசல் தாண்டக் கூடாது."

"வாசலுக்கு உள்ளதானே கார் நிக்குது."

தகரக் கூரைக்குக் கீழே வெக்கை அப்படியே நின்றிருந்தது. தாரி அப்போதுதான் ஆண்கள் துக்கம் கேட்கும் கூடத்திலிருந்து வந்து, கணுக்கால்வரை நீண்ட வெள்ளை அங்கியோடு கார் பக்கத்தில் சும்மா நின்றுகொண்டிருந்தான். மூன்று நாளாக அந்தக் காரைத்தான் ஓட்டிக்கொண்டிருந்தான். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு, வீட்டிலிருந்து கல்லறைக்கு. ஒன்றாம் நம்பரில், நாற்பது கிலோமீட்டர் வேகத்தில். எந்தக் கோளாறும் இல்லை.

"திற," என்றாள் அம்மா.

"எதை?"

"அவரும் நீயும் ஆறு மாசம் என் சோத்தை ஆற வெச்சீங்களே, அதை."

அவன் ஹெஸ்ஸாவைப் பார்த்தான். அவள் தலை குனிந்துகொண்டாள். அவன் பானெட்டைத் தூக்கி, போனில் இருந்த விளக்கைப் போட்டான்.

உம்மு தாரி அதுவரை ஒரு காரின் உள்ளே எட்டிப் பார்த்ததில்லை. தலையை நுழைத்துப் பார்த்தாள். "இதுல எது?"

அவன் இடது கையால் காட்டினான்.

"இதுவா? இவ்வளவு சின்னதா?"

"யும்மா," என்றாள் ஹெஸ்ஸா. "மூணைப் போடச் சொன்னது நான்தான். அவன் மாட்டேன்னான். நான்தான் கத்தினேன்."

"அவ சும்மா சொல்றா யும்மா. திருகினது என் கை."

"நான் சொல்லாட்டி அவன் தொட்டிருக்க மாட்டான். மெதுவாவே போயிருந்தா போய்ச் சேர்ந்திருப்போம்."

"இந்த பைப்பை மாத்தியிருந்தா..." என்று ஆரம்பித்த தாரி நிறுத்திக்கொண்டான். அதை முடித்தால் அந்த வாக்கியம் யார் மேல் போய் நிற்கும் என்று மூன்று பேருக்கும் தெரியும்.

 உம்மு தாரி அபாயாவின் கையை முழங்கைவரை மடித்துக்கொண்டு, அந்தக் கறுப்பு பைப்பைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். அது அசையவில்லை. கொஞ்சம் பலமாக இழுத்தாள். அசையவில்லை. பிறகு இரண்டு கையாலும் பிடித்து, பம்பரில் முட்டியை ஊன்றி இழுத்தாள். வண்டியே ஒருமுறை முன்னால் குனிந்து நிமிர்ந்தது. ஒரு கால் செருப்பு நழுவிச் சிமெண்டுத் தரையில் போய் விழுந்தது. பைப் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது.

தாரி விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஹெஸ்ஸா அவனுக்குப் பக்கத்தில் நின்றாள். அம்மா இழுத்துக்கொண்டே இருந்தாள். இருவரும் தடுக்கவில்லை.