கொழுந்துத் தராசில் பிள்ளைகள்

முதலில் நாகலெட்சுமியைத்தான் சாக்கில் உட்கார வைத்தார்கள். தேயிலைக் கொழுந்து நிறுக்கிற சாக்கு. அதைத் தராசின் கொக்கியில் மாட்டித் தூக்கியதும், இரண்டாம் வகுப்புப் பிள்ளை நிறுவைக் கொட்டகையான மடுவத்தின் நடுவில் ஒரு மூட்டையாகத் தொங்கினாள். வரிசையில் நின்ற பிள்ளைகளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "முத்தின கொழுந்து, திருப்பி அனுப்புங்க" என்று பின்னாலிருந்து ஒருத்தி சொன்னாள். அதட்ட வேண்டிய ஜோசபின் டீச்சர் தராசு முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார். முள் பதினெட்டில் போய் நின்றது. கணக்கெடுக்க வந்த அரசாங்க அதிகாரி கையில் வைத்திருந்த அட்டவணைப்படி அவள் வயதுக்கு எல்லை பதினேழு கிலோ. அதற்குக் கீழே இறங்கினால்தான் அவள் ஏழை.

டீச்சர் முள்ளை மறுபடியும் பார்த்தார். இந்தத் தராசு பதினாறுதானே காட்டியிருக்க வேண்டும்?

டயகமப் பக்கத்து அந்தத் தோட்டப் பள்ளிக்கூடத்தை அரசாங்கம் பொறுப்பெடுத்து ஆறு வருடங்கள் ஆகியிருந்தன. பெயர்ப்பலகை மட்டும் புதிது. ஒரே மண்டபம், ஐந்து வகுப்பு, தகரக் கூரை. மழை வந்தால் மூன்றாம் வகுப்பு நான்காம் வகுப்புக்குள் குடியேறும். பெருமழை என்றால் எல்லோரும் டீச்சரின் மேசையைச் சுற்றி வந்துவிடுவார்கள். கூரைக்குப் பணம் கேட்டு எழுதிய கடிதங்களுக்கெல்லாம் ஒரே பதில்தான்: பாதிக்கு மேல் ஏழைப் பிள்ளைகள் படிக்கிற பள்ளிக்கூடங்களுக்கே முதலில் உதவி. சரி, யார் ஏழை? போன வருடம் கல்விக் கந்தோரில் அதை வீட்டு வருமானத்தை வைத்துப் பார்த்தார்கள். தோட்டத்து ஆட்களின் சம்பளம் செக்ரோல் என்ற சம்பளப் புத்தகத்தில் சதம் தவறாமல் பதிந்திருக்கிறது. அப்பா, அம்மா, அக்கா என்று மூன்று பேர் வேலைக்குப் போனால் அது மூன்று சம்பளம் வருகிற வீடு. அந்த வீடு ஒற்றை அறை லயக் காம்பரா என்பதையும், அதற்குள் ஒன்பது பேர் படுக்கிறார்கள் என்பதையும் எழுத அந்தத் தாளில் இடம் இல்லை. அதே அலுவலகத்தில், மழை பெய்தால் விளைச்சல், இல்லாவிட்டால் இல்லை என்று சொன்ன நாட்டுப்புறத்து விவசாயிகளுக்கு ஏழை என்று எழுதிக் கொடுத்தார்கள். அவர்கள் சொன்னதும் உண்மைதான். ஆனால் வரவைக் குறைத்துச் சொல்வதற்கும் ஒரு வசதி வேண்டியிருக்கிறது; அது தோட்டத்தில் இல்லை என்று டீச்சர் எரிச்சலோடு வீடு திரும்பினார்.

இந்த வருடம் அளவையை மாற்றினார்கள். வயதுக்கேற்ற நிறை. வீடு பொய் சொல்லும், உடம்பு சொல்லாது என்று யாரோ யோசித்திருக்க வேண்டும். பிறகு, கல்விக் கந்தோர்த் தராசு உடைந்துவிட்டது, பக்கத்தில் தராசு ஏதும் உண்டா என்று கேட்டு ஆள் அனுப்பினார்கள். டீச்சர் ஒரு நிமிடம்கூடத் தயங்கவில்லை. மடுவத்தில் தொங்குகிற கொழுந்துத் தராசு இருக்கிறது என்று சொல்லிவிட்டார். அந்தத் தராசு இரண்டு கிலோ விழுங்கும் என்பது மலையில் கொழுந்தெடுக்கிற ஒவ்வொரு பெண்ணுக்கும் தெரியும். எத்தனையோ பேருக்கு முழுநாள் சம்பளமான முழுப் பேரை அரைப்பேராக்கிய தராசு. இத்தனை வருடம் தாய்மாரிடம் திருடியது, ஒரு நாளாவது பிள்ளைகளுக்கு உதவட்டுமே. இதைப் பாவசங்கீர்த்தனத்தில் சொல்ல வேண்டுமா என்று ஞாயிற்றுக்கிழமை பூசையில் உட்கார்ந்து யோசித்தார். கூரை போட்ட பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று முடிவு செய்தார்.

இப்போது முள் பதினெட்டில் நிற்கிறது.

தராசின் பக்கத்தில் கண்டாக்கு மரியரட்ணம் இஸ்திரி போட்ட காற்சட்டையோடு நின்றார். மலை வேலையைப் பார்ப்பதும், கொழுந்தை நிறுத்துப் பதிவதும் அவர்தான். டீச்சர் அவர் அருகில் போய், தராசுக்கு என்ன ஆனது என்று மெல்லக் கேட்டார். மரியரட்ணம் பெருமையாகக் குனிந்தார்.

"நேத்தே பெக்டரி ஆள கூட்டிட்டு வந்து சரி பண்ணிட்டேன் டீச்சர். கவர்மெண்டு ஆளு கை வைக்கிற தராசு. ஏதும் பிழைன்னா தொரை என் கழுத்தத்தானே புடிப்பாரு?"

"அப்ப முந்தாநாள் வரைக்கும் பிழையாத்தான் இருந்திச்சா?"

மரியரட்ணம் மடுவத்துக் கூரையைப் பார்த்தார். அந்தக் கூரையில் ஓட்டை எதுவும் இல்லை.

ஒவ்வொரு பிள்ளையாகத் தொங்கி இறங்கியது. கன்னம் ஒட்டிய பிள்ளைகள், முழங்கால் துருத்திய பிள்ளைகள், அவர்களிலும் பலர் எல்லைக்கு அரைக் கிலோ, கால் கிலோ மேலே நின்று தொலைத்தார்கள். குளிருக்குப் போட்டிருந்த கம்பளிச் சட்டையோடுதான் நிறுத்தார்கள். அதிகாரி கண்டியிலிருந்து வந்தவர், நல்ல மனிதர். பிள்ளைகளின் கன்னத்தைத் தட்டினார். மலைக்காற்று ஆரோக்கியமானது என்று சிங்களத்தில் சொன்னார். சிங்களவர்களுக்கு நடுவே கினிகத்தேனையில் வளர்ந்த டீச்சருக்குச் சிங்களம் நன்றாகத் தெரியும். அன்றைக்குத் தெரியாமல் இருந்திருக்கலாம்.

பாதி வரிசை முடிந்தபோது காளியாயி வந்து சேர்ந்தாள். நாகலெட்சுமியின் தாய். பகல் கொழுந்து நிறுக்க இரண்டு மூன்று பெண்களோடு மற்றவர்களுக்கு முன்னால் கூடையோடு இறங்கி வந்தவள், சாக்கோடு தொங்குகிற பிள்ளையைப் பார்த்துவிட்டு நின்றாள்.

"சாக்குக்கு எவ்வளவு கழிச்சீங்க?"

மரியரட்ணம் பதிவுப் புத்தகத்தைப் புரட்டினார்.

"கொழுந்துக்கு மட்டும் சாக்குக்கு ஒரு கிலோ, ஈரத்துக்கு ஒரு கிலோன்னு கழிக்கிறீங்க. எங்க புள்ளைங்க என்ன சாக்கு இல்லாமலா தொங்குதுங்க? மூக்கு ஒழுகுதே, அந்த ஈரத்துக்காச்சும் கழிங்க."

பெண்கள் சிரித்தார்கள். டீச்சருக்குத் திடீரென்று மூச்சு வந்தது. ஒரு கிலோ கழித்தால் போதும், பாதிக்கு மேல் கீழே இறங்கிவிடும். அவர் அதை அதிகாரியிடம் எடுத்துச் சொன்னார். இங்கே இது வழக்கம் என்றும் சேர்த்துச் சொன்னார். அதிகாரி வெற்றுச் சாக்கைக் கொக்கியில் மாட்டிப் பார்த்தார். முள் அசைந்ததாகவே தெரியவில்லை. இதற்கா ஒரு கிலோ என்று மரியரட்ணத்திடம் கேட்டார். அது பழைய வழக்கம், தனக்கு முந்தியே இருந்தது என்று மரியரட்ணம் முணுமுணுத்தார். அதிகாரி சுற்றறிக்கையைப் புரட்டினார். கழிவு என்று எங்கேயும் இல்லை. ஆகவே கழிக்க முடியாது.

கடைசிப் பிள்ளை இறங்கியது. கூட்டிப் பார்த்தார்கள். பாதிக்கு ஏழு பிள்ளைகள் குறைந்தன. இந்தத் தடவை பட்டியலில் சேர்க்க முடியாது, மனம் தளர வேண்டாம், பிள்ளைகள் நன்றாக வளர்கிறார்கள் என்று அதிகாரி ஆறுதலாகச் சொன்னார். டீச்சருக்கு அந்த ஆறுதலைப் பிடுங்கி ஓடையில் எறிய வேண்டும் போலிருந்தது. வெளியே மலை மேல் மழை இருட்டிக்கொண்டு வந்தது. பின்னேரம் மூன்றாம் வகுப்பு மறுபடியும் குடிபெயரும்.

அதிகாரி தாள்களை அடுக்கும்போதே காளியாயி தன் கொழுந்தைச் சாக்கில் கொட்டிக் கொக்கியில் மாட்டினாள். முள் ஏறியது. அவள் கூடைக்கு இதுவரை ஏறாத இடத்துக்கு ஏறி நின்றது. சிரித்துக்கொண்டிருந்த பெண்கள் முள்ளை எட்டிப் பார்த்தார்கள். மரியரட்ணம் வழக்கப்படி குறைத்துப் பதியப் பென்சிலை எடுத்தார்.

"முள்ளு காட்டுறத எழுதுங்க கண்டாக்கையா" என்றாள் காளியாயி. குரலை உயர்த்தவில்லை. "புள்ளைக்குக் கழிக்காத சாக்கு கொழுந்துக்கு எதுக்கு? இந்தா ஐயா இருக்காங்கல்ல, கேப்போமா?"

அந்தப் பெண் என்ன சொல்கிறாள் என்று அதிகாரி டீச்சரிடம் விசாரித்தார். டீச்சர் மரியரட்ணத்தைப் பார்த்தார். மரியரட்ணம் தராசைப் பார்த்தார். பென்சில் அசைந்தது. முள் காட்டியதையே எழுதினார்.

பேச்சு மலைக்கு மேலே போய்ச் சேர்ந்துவிட்டது போல. மலைப் பாதையில் பெண்கள் ஓட்டமும் நடையுமாக இறங்கி வந்தார்கள். அதிகாரி ஜீப் சாவியை எடுத்துக்கொண்டு, மழைக்கு முன் கொட்டகலைக்குப் போக வேண்டும், இனி தனக்கு இங்கே வேலை இல்லையே என்றார். மரியரட்ணம் அந்தச் சாவியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னும் ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க சேர்" என்று டீச்சர் சிங்களத்தில் சொன்னார். பதிலுக்குக் காத்திருக்கவில்லை. மடுவத்து மூலை அடுப்பிலிருந்து அப்போதுதான் இறக்கிய கேத்தலைச் சரித்து, கோப்பையின் விளிம்பு வரை ஊற்றினார். கையில் எடுக்க முடியாத சூடு. ஆவி எழுந்து அதிகாரியின் கண்ணாடியை மூடியது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, தேத்தண்ணி ஆறட்டும் என்று திரும்பவும் உட்கார்ந்தார். மடுவத்து வாசலுக்கு வெளியே கூடைகளின் வரிசை பாதை வளைவையும் தாண்டி நீண்டுகொண்டிருந்தது. முதல் மழைத்துளிகள் கொழுந்தின் மேல் விழுந்தன. ஒருத்தியும் ஒதுங்கவில்லை.