தோளைப் பிடித்த கை

ஷூவின் அடியில் காய்ந்திருந்த சேற்றை ஸ்க்ரூடிரைவரால் சுரண்டிக்கொண்டிருந்தான் அவன். வீட்டின் பின்புறம், குழாயடியில், ஒரு முக்காலியில் உட்கார்ந்திருந்தான். முன்னறையில் சவப்பெட்டி வந்து இறங்கியாகிவிட்டது. மனைவி அதில் படுத்திருந்தாள். காலுக்குப் போட மாமியார் வெள்ளைச் செருப்பு எடுத்து வைத்திருந்தார். அவன்தான் ஷூ வேண்டும் என்றான். நேற்றிலிருந்து அவன் வாய்விட்டுக் கேட்டது அது ஒன்றுதான் என்பதால் யாரும் மறுபேச்சுப் பேசவில்லை.

நேற்று விடியலில் இதே ஷூவை மாட்டிக்கொண்டு கதவருகே நின்று, "ஆண்டவரே, இன்னைக்கும் எழுப்பி விட்டீங்க, நன்றி" என்று அவள் முணுமுணுத்தது அரைத்தூக்கத்தில் அவன் காதில் விழுந்தது. பிறகு அவன் பக்கம் திரும்பி, "பாலை அடுப்புல வெச்சுட்டு மறுபடி படுத்துடாதீங்க" என்றாள். அதுதான் கடைசிப் பேச்சு. அவன் சொல்லிவைத்த மாதிரி படுத்தான். பால் பொங்கி வழிந்தது. அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தபோது ஃபோன் வந்தது.

நாற்பதைத் தொடாதவள். சளி, காய்ச்சல் தவிர ஒன்றும் கண்டதில்லை. இதயம் நின்றுவிட்டது என்றார் டாக்டர். அவன் லிஃப்ட் மெக்கானிக். இரண்டு மாடிக்கு நடுவே நின்றுபோன லிஃப்ட் மாதிரி அந்தச் செய்தி அவனுக்குள் எங்கேயோ தொங்கிக்கொண்டிருந்தது. மேலேயும் போகவில்லை, கீழேயும் இறங்கவில்லை. ஆளாளுக்கு வந்து கட்டிப்பிடித்தார்கள். தண்ணீர் குடிக்கச் சொன்னபோது குடித்தான், உட்காரச் சொன்னபோது உட்கார்ந்தான்.

மச்சினன் கதவோரம் வந்து நின்றான். ஓயாமல் பேசுகிற பையன். நேற்றிலிருந்து அவனுக்கும் பேச்சு பாதியாகக் குறைந்திருந்தது.

"மாமா, போதகர் வந்திருக்கார். அந்தப் பறவை விஷயத்தைப் பிரசங்கத்துல சொல்லலாமான்னு கேக்கறார்."

"சொல்லட்டும்."

"எல்லாருக்கும் ஒரு ஆறுதலா இருக்கும்னு..."

"சொல்லட்டும்டா" என்றான் மறுபடியும்.

அந்தப் பறவை விஷயத்தைச் சொல்ல, கொஞ்சம் முன்னாலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அவர்களுக்கு ஒரு குழந்தை பிறந்து, பிறந்த அன்றே போய்விட்டது. அதன் பிறகு அவள் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. சர்ச்சுக்கும் வரவில்லை. போதகர் வந்து ஜெபித்தார். அம்மா வந்து அழுதார். அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அவன் நீட்டிய கையைக்கூட அவள் தொடவில்லை. வருஷக்கணக்கில் அந்த முதுகைப் பார்த்துக்கொண்டே அவன் தூங்கினான்.

கடைசியில் அவளைக் கிளப்பியது டிரைவர் அக்கா. பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர், சர்ச்சில் பின்வரிசையில் உட்கார்கிறவர். ஒரு சனிக்கிழமை விடியலில் வந்து கதவைத் தட்டி, "கண்ணு, நாங்க சில பேர் ஏரிக்குப் பறவை பார்க்கப் போறோம். பேச வேண்டியதில்ல, சிரிக்க வேண்டியதில்ல. சும்மா கூட நடந்தா போதும்" என்றார். பேச வேண்டியதில்லை என்ற ஒரே காரணத்துக்காக அவள் போனாள்.

உண்மையாகவே பேசக் கூடாது. கரையில் ஒருவர் பின் ஒருவராக நடக்க வேண்டும். பறவையைக் கண்டவர் தனக்கு முன்னால் போகிறவரின் தோளைத் தட்டுவார். இடது தோள் என்றால் இடப்பக்கம், வலது தோள் என்றால் வலப்பக்கம். தட்டு வாங்கியவர் தலையைத் திருப்பாமல் கண்ணை மட்டும் அந்தப் பக்கம் ஓட்டிவிட்டு, தன் முன்னால் இருப்பவரைத் தட்டுவார். திரும்பினால் பறவை பறந்துவிடும். "வாயை மூடிட்டு இருக்கறதுக்கு ஒரு சங்கமா? உன் தம்பியை முதல்ல அதுல சேத்துவிடு" என்று அவன் கேலி செய்வான். அவள் சிரிப்பாள். அவள் சிரிக்கிறாள் என்பதே அவனுக்குப் பெரிய காரியம். ஏரியிலிருந்து எல்லோரும் நேராக சர்ச்சுக்குப் போய் மறுநாள் ஆராதனைக்காகப் பெஞ்சு துடைப்பார்கள். அப்படி ஒரு நாள் வீட்டுக்கு வந்து, "எனக்கு மறுபடி ஜெபம் வருதுங்க" என்றாள், போன பசி திரும்பி வந்ததைச் சொல்வதுபோல.

நேற்று அவர்கள் தேடிப் போனது குருகு. கோரைப்புல்லுக்குள் கோரையோடு கோரையாகக் கழுத்தை நீட்டி நிற்குமாம். பக்கத்திலேயே இருந்தாலும் கண்ணில் படாதாம். பல மாதமாக அது அவர்களுக்குப் போக்குக் காட்டிக்கொண்டிருந்தது. வரிசையில் முதலில் நடந்த மருந்துக்கடைக்காரர்தான் ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் நடந்ததைச் சொன்னார். "வரிசையில கடைசியா நடந்து வந்தவங்க அவங்கதான். அவங்கதான் முதல்ல பார்த்து டிரைவர் அக்காவைத் தட்டினாங்க. தட்டு ஒவ்வொருத்தரா என் வரைக்கும் வந்துச்சு. எல்லாரும் பார்த்தோம். சந்தோஷமா திரும்பினா..." அவள் வரிசையின் கடைசியில் விழுந்து கிடந்தாள்.

கேட்டவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். எத்தனை அழகான சாவு என்று யாரோ சொன்னார்கள். அவனும் அதைத்தான் பிடித்துக்கொண்டிருந்தான். ஆசைப்பட்டதைப் பார்த்துவிட்டாள், நாலு பேருக்குக் காட்டிவிட்டாள், வலி தெரியாமல் போய்விட்டாள். நேற்றிலிருந்து அவன் நிமிர்ந்து நின்றதே அந்த ஒரு நினைப்பில்தான்.

பக்கத்துச் சந்து வழியாக டிரைவர் அக்கா வந்தார். சர்ச்சிலிருந்து ஆட்களைத் தன் பஸ்ஸிலேயே ஏற்றிவந்திருந்தார். முகம் வீங்கிக் கிடந்தது. முன்வாசல் வழியாக வராமல் இவர் ஏன் இந்தப் பக்கம் வருகிறார் என்று நினைத்தான்.

"போதகர் அந்தப் பறவை கதையைச் சொல்லப் போறாராமே."

"ஆமாக்கா."

"வேண்டாம்னு சொல்லுப்பா."

அவன் நிமிர்ந்து பார்த்தான்.

"அது தட்டு இல்ல" என்றார் அக்கா.

"எது?"

"தோள்ல. தட்டினா ரெண்டு விரல் படும், அவ்வளவுதான். இவ பிடிச்சா. இடது தோளை, கை முழுக்க, கொத்தாப் பிடிச்சா. பெருசா எதையோ பார்த்துட்டா போலன்னு நெனச்சேன். இடது பக்கம் பார்த்தேன். அது அங்க நின்னுச்சு." நிறுத்தி மூச்சு வாங்கினார். "நின்னு தொலைச்சுது. அங்க ஒண்ணுமே இல்லாம இருந்திருந்தா நான் திரும்பியிருப்பேன்பா."

"திரும்பல."

"திரும்பல. முன்னால இருக்கறவங்களைத் தட்டினேன்."

குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. மனைவிக்குப் பின்னால் யாரும் இல்லை. முன்னால் அத்தனை பேரும் இடப்பக்கம் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். நேற்று முழுக்க அவன் மனசுக்குள் அழகாக இருந்த அதே ஏரிக்கரை, அதே வரிசை. இப்போது அதைப் பார்க்கவே முடியவில்லை.

"லிஃப்ட்ல மணி அடிச்சா ஓடறது என் பொழைப்பு" என்றான். குரல் உயரவில்லை. "பசங்க விளையாட்டுக்கு அடிச்சாக்கூட, போய்க் கதவைத் திறந்து பார்த்துட்டுத்தான் வருவேன். என் பொண்டாட்டி உங்களைக் கூப்பிட்டிருக்கா. நீங்க பறவை பார்த்திருக்கீங்க."

"ஆமா" என்றார் அக்கா.

"இதை எதுக்கு எங்கிட்ட வந்து சொல்றீங்க? எனக்குன்னு இருந்ததே அது ஒண்ணுதான்."

"தெரியலப்பா. திரும்பியிருந்தாலும் காப்பாத்தியிருக்க முடியாதுன்னு டாக்டர் சொல்லிட்டார். அதைச் சொல்லித் தப்பிச்சுக்க வரல. ஆனா அவ எங்கிட்ட கேட்டது வேற. அதை எல்லாரும் மாத்தி அழகாச் சொல்லும்போது, ஆமென் சொல்லிட்டு என்னால சர்ச்சுல உக்கார முடியாது."

போய்விடுங்கள் என்று சொல்ல வாயெடுத்தான். சொல்லியிருந்தால் அக்கா போயிருப்பார். அதற்குத் தயாராகத்தான் வந்திருந்தார். உள்ளே யாரோ பாட்டு ஆரம்பித்தார்கள். மற்றவர்கள் ஒவ்வொருவராகச் சேர்ந்துகொண்டார்கள். மாமியாரின் குரல் மட்டும் பாட்டோடு ஒட்டாமல் தனியாகக் கேட்டது.

"எவ்வளவு நேரம் பிடிச்சிருந்தா?" என்று கேட்டான்.

"ரெண்டு மூச்சு விடற நேரம் இருக்கும். அப்புறம் கை தளர்ந்து முதுகு வழியா எறங்குச்சு. பை இடிக்குதுன்னு நெனச்சேன்."

"கெட்டியாவா பிடிச்சா?"

"வலிக்கிற மாதிரி."

அவன் ஷூவைக் கீழே வைத்தான்.

"அவ யாரையும் பிடிக்க மாட்டாக்கா" என்றான். "குழந்தை போனப்போ கையை நீட்டிட்டே நின்னேன். தொடக்கூட இல்ல. வலி வந்தா சுவரைப் பார்த்துத் திரும்பிடுவா."

அக்கா தன் இடது தோளைத் தொட்டுக்கொண்டார்.

"நேத்து திரும்பல" என்றான். நேற்றிலிருந்து வராத அழுகை அப்போதுதான் வந்தது. முக்காலியில் குனிந்து, சேறு படிந்த கையை முகத்தில் வைத்துக்கொண்டு அழுதான். அக்கா அருகில் வரவும் இல்லை, விலகிப் போகவும் இல்லை. நின்ற இடத்திலேயே நின்றார்.

முகத்தைக் கழுவிக்கொண்டு உள்ளே போனான். தெருவே வந்திருந்தது. பக்கத்து வீட்டார் நாற்காலிகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். மருந்துக்கடைக்காரர் கடையை மூடிவிட்டு வந்து எல்லோருக்கும் காபி ஊற்றிக்கொண்டிருந்தார். அவன் மனைவியின் காலில் ஷூவை மாட்டி, கயிற்றை அவள் கட்டுகிற மாதிரியே இரட்டை முடிச்சாகக் கட்டினான். பிறகு போதகரிடம் போனான்.

"ஐயா, அந்தப் பறவை விஷயம் வேண்டாம்."

"ஏன் தம்பி? இப்பத்தானே சரின்னீங்க?"

"கடைசி நேரத்துல அவ டிரைவர் அக்காவைப் பிடிச்சுக்கிட்டா. அதை மட்டும் சொல்லுங்க. போதும்."

போதகர் அவனையும், அவனுக்குப் பின்னால் கதவோரம் நின்ற அக்காவையும் பார்த்தார். என்ன புரிந்ததோ, சரியென்று தலையசைத்தார். பெட்டியை மூடுவதற்கு முன் ஒரு ஜெபம் செய்யுங்கள் என்று அவனிடமே சொன்னார். அவனுக்கு ஜெபமெல்லாம் அவள் பொறுப்பு. அவள் சொல்வாள், இவன் ஆமென் போடுவான். பெட்டியருகே நின்று "ஆண்டவரே" என்றான். அடுத்த வார்த்தை வரவில்லை. நன்றி சொல்ல வேண்டும்போலவும் இருந்தது, சண்டை போட வேண்டும்போலவும் இருந்தது. யாரும் எடுத்துக்கொடுக்கவில்லை, யாரும் தொண்டையைக் கனைக்கவில்லை. ஏரிக்குப் போகிறவர்கள் பக்கமிருந்து அந்த அமைதி அறை முழுக்கப் பரவி நின்றது. அவன் மறுபடி "ஆண்டவரே" என்றான். "ஆமென்" என்றார்கள்.

வண்டியில் பெட்டியை ஏற்றியதும் இரண்டு பக்கப் பலகைகளிலும் சொந்தக்காரர்கள் உட்கார்ந்தார்கள். டிரைவர் அக்கா தன் பஸ் பக்கம் நடக்கத் தொடங்கினார்.

"அக்கா, இதுல ஏறுங்க. பஸ்ஸை வேற யாராவது கொண்டு வரட்டும்."

"இடம் பத்தாதே மாமா" என்றான் மச்சினன்.

"பத்தும். நீ நகரு."

மன்னித்துவிட்டானா என்று கேட்டால் அவனுக்கே தெரியாது. அவர் பக்கம் பார்க்கும்போதெல்லாம் நெஞ்சில் சுருக்கென்றது. ஆனாலும் அவருக்கு இடம் விட்டு ஒடுங்கி உட்கார்ந்தான். இருவர் முழங்காலும் பெட்டியில் இடித்தது. மாமியார் எதிரே கண்ணை மூடியிருந்தார்.

வண்டி கிளம்பியது. தெருமுனை வருவதற்குச் சற்று முன்பே அக்காவின் வலது கால், பிரேக் எதுவும் இல்லாத வெறும் தரையை மெதுவாக அழுத்தியது. வளைவு முடிந்ததும் தளர்ந்தது. பள்ளம் வந்தபோது மறுபடி அழுத்தியது. அவன் குனிந்து அந்தக் காலையே பார்த்துக்கொண்டு வந்தான்.