காது மூடும் தொப்பி

செய்தித்தாளை ஒரு பக்கமாகக் கிழித்தால் நேராகக் கிழியும். மறுபக்கமாகக் கிழித்தால் கோணல்மாணலாகப் போகும். காகிதத்துக்குள் இருக்கும் நார்கள் பெரும்பாலும் ஒரே திசையில் படுத்திருப்பதுதான் காரணம். அதனால் காகிதத்தில் தொப்பி செய்கிறவர் முதல் தாளை நெடுக்காக வைத்தால் அடுத்ததைக் குறுக்காக ஒட்ட வேண்டும். ஒன்று கிழியப் பார்க்கும் திசையில் மற்றது பிடித்துக்கொள்ளும். நடுவில் மைதாப் பசை. நான்கு தாள் போதும். தலை அளவுள்ள ஒரு பாத்திரத்தின் மேல் கவிழ்த்துக் காயவிட்டால், மறுநாள் அட்டையைவிட உறுதியாக இருக்கும். எடை நாலைந்து அப்பளத்தின் எடைதான்.

இளமாறனுக்கு அந்த எடைதான் முக்கியம். மகள் பிரீத்தியின் தலையில் எதுவும் இடிக்கக் கூடாது, அழுத்தக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

காதின் உள்ளே எலும்புக்குள் திரவம் நிரம்பிய நூல் போன்ற குழாய் ஒன்று எல்லோருக்கும் உண்டு. பிரீத்திக்கு அது பிறவியிலேயே அகலம். மற்றக் குழந்தைகள் விழுந்தால் நெற்றி புடைக்கும், அழுகை நின்றதும் மறந்துபோகும். இவளுக்கு அந்த அதிர்ச்சி அகன்ற குழாய் வழியாக உட்காதுக்குப் போய், ஒலியை வாங்கும் நுண்ணிய செல்களைக் கெடுத்துவிடலாம். கெட்டவை திரும்ப முளைப்பதில்லை. டிசம்பரில் பார்க்கில் சறுக்குமரத்திலிருந்து விழுந்தாள். இடது காது அதோடு போயிற்று. மிச்சம் வலது காது, அதுவும் அரைகுறை. அந்த அரைகுறையைத்தான் காது கேட்கும் மிஷின் வைத்துப் பெரிதாக்கி நான்கு வயதுவரை பேச்சைக் கொண்டுவந்திருந்தார்கள். வலது காது எவ்வளவு நாள் நிலைக்கும் என்று கேட்டதற்கு டாக்டர் கையை விரித்தார்.

வலது காதாவது நிலைக்கட்டும் என்று இளமாறனின் மனைவி சண்முகப்ரியா வேண்டிக்கொண்டாள். பிப்ரவரியில் பிரிட்ஜ்வாட்டர் கோயிலில் குழந்தைக்கு மொட்டை போட்டார்கள். இப்போது ஏப்ரல். முடி புல் முளைத்த மாதிரி நிற்கிறது. முன்பு முடிக்குள் மறைந்திருந்த மிஷின், காதின் பின்னால் மொச்சைக் கொட்டை போல வெளியே தெரிந்தது. டேகேரில் ஒரு பையன் அவளை ரோபாட் என்று கூப்பிடுகிறானாம்.

வெள்ளிக்கிழமை டேகேரில் ஈஸ்டர் தொப்பி ஊர்வலம். குழந்தைகள் வீட்டில் செய்த பானட் தொப்பியைப் போட்டுக்கொண்டு வரிசையாக நடக்க வேண்டும்.

"ஏங்க, பானட்டுன்னா ரெண்டு பக்கமும் எறங்கி வரணும்" என்றாள் ப்ரியா. மான்மவுத் ஜங்ஷன் என்னும் அமெரிக்க ஊரில், அவர்கள் அப்பார்ட்மெண்டின் சாப்பாட்டு மேசை முழுக்கக் காகிதமும் பசையும். "படத்துல பாருங்க. கன்னம் வரைக்கும் வந்து ரிப்பன் கட்டியிருக்கு."

"எறங்கினா மைக்கை மூடிடும். விசிலடிக்கும்."

"ஒரு மணி நேரங்க. காதுல அது இல்லாம எம்புள்ளைக்கு ஒரு போட்டோ வேணும்."

"போட்டோக்காக அவளுக்குக் கேக்காமப் போகணுமா?"

"நானா கேக்காமப் பண்ணேன்?"

மாடியில் குடியிருக்கும் காமாக்ஷி பசைத் துப்பாக்கியைக் கொண்டுவந்து நீட்டியபடி சிரித்தாள். "ரெண்டு பேரும் ராக்கெட்டா விடறேள்? எங்காத்து மானஸாவுக்கு பேப்பர் பிளேட்ல நாலு கோழிக்குஞ்சை ஸ்டேப்பிள் பண்ணி வச்சுட்டேன். டூ மினிட்ஸ்!"

"உங்க மானஸா தலையில தேங்காய் விழுந்தாலும் தாங்கும் ஆன்ட்டி" என்றான் இளமாறன். காமாக்ஷிக்குச் சிரிப்பு இன்னும் கூடியது.

விசில் எப்படி வருகிறது என்பதை அவளுக்கு விளக்கினான்; அவள் சிரித்துக்கொண்டே பாதிதான் காதில் வாங்கினாள். கோயில் கச்சேரியில் மைக்கை ஸ்பீக்கர் பக்கம் திருப்பினால் கீச்சென்று ஒன்று கிளம்புமே, அதேதான். மிஷினில் மைக் காதுக்குப் பின்னால் இருக்கிறது. ஸ்பீக்கரின் சத்தம் ஒரு பிளாஸ்டிக் குழாய் வழியாகக் காதுக்குள் போகிறது. காதை எதுவும் மூடாதவரை, ஓரமாகக் கசியும் கொஞ்சம் சத்தம் காற்றில் கலைந்துவிடும். மூடினால் கசிந்தது மைக்குக்கே திரும்புகிறது. மைக் அதைப் பெரிதாக்கி அனுப்புகிறது, அது மறுபடி கசிகிறது, மறுபடி பெரிதாகிறது. ஒரு கணத்தில் விசிலாகிவிடும். பிரீத்தி அந்தக் காதுப் பக்கமாகத் தலையணையில் படுத்தாலே வரும். முகத்தைச் சுளித்து, "அப்பா, பீப்!" என்று மிஷினைப் பிடுங்கி எறிவாள்.

"சரி, போட்டுப் பாத்துருவோம்" என்றான் முடிவாக. "அவளே பிடுங்கிப் போட்டுட்டா பக்கத்தை வெட்டிடறேன். சம்மதமா?"

"சம்மதங்க."

ப்ரியா கிரேப் காகிதத்தில் மஞ்சளும் ரோஸுமாகப் பூக்கள் செய்திருந்தாள். அவற்றைப் பசை வைத்து ஒட்டவில்லை. மல்லிகையைக் கட்டுவது போல, இரண்டிரண்டாக எதிரெதிரே வைத்து நூலைச் சுற்றி முடிச்சை இறுக்கினாள். எவ்வளவு ஆட்டினாலும் ஒரு பூ உதிராது. அந்தச் சரத்தை, முந்தின நாளே காயவைத்திருந்த தொப்பியின் விளிம்பில் தைத்து, பக்கங்களை வளைத்து இறக்கி, பிரீத்தியைக் கண்ணாடி முன் நிறுத்தித் தலையில் வைத்தாள். மடல்கள் இரண்டு காதையும் மூடின. தாடைக்குக் கீழே ரிப்பனை முடிந்தாள்.

நன்றாகத்தான் இருந்தது. மிஷின் மறைந்துவிட்டது. பிரீத்தி தலையை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள்.

"அடடா, என்னமோ விசில் வரதே" என்றாள் காமாக்ஷி. "அடுப்புல ஏதாவது வச்சிருக்கியாடி?"

ப்ரியாவும் இளமாறனும் குழந்தையின் கையைப் பார்த்தார்கள். சன்னமாக ஆரம்பித்த விசில் ஊசி போல ஏறி அறை முழுக்க நின்றது.

பிரீத்தி முகம் சுளிக்கவில்லை. கை காதுக்குப் போகவில்லை. கண்ணாடியில் மஞ்சள் பூ ஒன்றைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

விசில் வந்தால் பாட்டரியில் உயிர் இருக்கிறது. குழாயில் ஈரம் அடைக்கவில்லை. மைக் வாங்குகிறது, ஸ்பீக்கர் அனுப்புகிறது. போன வாரம் கூப்பிட்டும் அவள் திரும்பாதபோதெல்லாம் இளமாறன் பாட்டரியை மாற்றினான், குழாயைக் கழற்றி ஊதினான், பிறகு அவள் முன்னால் உட்கார்ந்து, "இப்ப கேக்குதா?" என்று கேட்டான். அவள் அவன் வாயைப் பார்த்துத் தலையாட்டினாள். சரியாகிவிட்டது என்று நினைத்தான். மிஷினில் தேடுவதற்கு இனி எதுவும் மிச்சமில்லை. மிஷின் நன்றாக இருக்கிறது என்பதைத்தான் அந்த விசில் உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தது.

கண்ணாடியில் தன் உருவம் விழாதபடி ஒதுங்கி நின்றான்.

"பிரீத்தி."

அவள் திரும்பவில்லை.

"பிரீத்திம்மா!"

சமையலறைக்குப் போய் எவர்சில்வர் தட்டை எடுத்துவந்து, பின்னாலிருந்து கரண்டியால் அடித்தான். காமாக்ஷி திடுக்கிட்டுக் காதைப் பொத்திக்கொண்டாள். பிரீத்தி ரிப்பனின் நுனியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"என்ன மாறன்?" என்றாள் காமாக்ஷி. பிறகு குழந்தையைப் பார்த்தாள், ப்ரியாவைப் பார்த்தாள். "சைடை வேணா வெட்டிடலாமே..." என்று ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்திக்கொண்டாள். பசைத் துப்பாக்கியை மறந்துவிட்டுப் படியேறினாள்.

"ஆபரேஷன் இருக்குன்னு டாக்டர் சொன்னாரேங்க" என்றாள் ப்ரியா.

"சொன்னாரு."

அது எப்படி வேலை செய்யும் என்பதும் அவனுக்குத் தெரியும். படித்து வைத்திருந்தான். உட்காதின் சுருளுக்குள் கம்பியைச் செலுத்தி, நரம்பை நேராக மின்சாரத்தால் தொடுவார்கள். குரல் கேட்கும். ஆனால் இன்னார் குரல் என்று தெரிய நாளாகும், சிலருக்குத் தெரியாமலே போகும். வேறு நாளாக இருந்தால் ஒரு தாளை எடுத்துப் படம் போட்டு விளக்கியிருப்பான். ப்ரியாவும் காத்திருந்தாள்.

அவன் பிரீத்தியின் பின்னால் மண்டியிட்டான். ரிப்பனைச் சரிசெய்வது போல மடலுக்குள் விரலை விட்டு மிஷினின் சுவிட்சைத் தேடினான். அதை அணைத்தால் அவளுக்கு உடனே தெரியும். இரண்டு வயதிலிருந்தே, யாராவது அணைத்தால், "நோ! ஆன்!" என்று கத்துவாள்.

அணைத்தான். விசில் நின்றது.

பிரீத்தி கண்ணாடியில் அம்மாவின் முகத்தைத் தேடி, "அம்மா, ஒன் மோர் எல்லோ. ஹியர்" என்றாள். அக்கம்பக்கத்துக்குக் கேட்கும் அளவுக்கு உரத்த குரல். இந்த ஒரு வாரமாக அவள் கத்தியேதான் பேசிக்கொண்டிருந்தாள். ஊர்வலக் குஷி என்று நினைத்திருந்தார்கள்.

ப்ரியா அவன் விரல் எங்கே இருக்கிறது என்பதைப் பார்த்தாள். மேசையிலிருந்து ஒரு மஞ்சள் பூவை எடுத்தாள். நூலைச் சுற்றினாள். முடிச்சு இரண்டு முறை நழுவியது.

"வெட்டட்டுமா?" என்றான் அவன்.

"எதுக்குங்க?"

கத்தரிக்கோல் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது.

"ஆன் பண்ணுங்க" என்றாள் ப்ரியா.

"பிரயோஜனமில்லம்மா."

"ஆன் பண்ணுங்கன்னு சொல்றேன்ல!"

சுவிட்சைத் தள்ளினான். விசில் மறுபடி கிளம்பியது. அந்தச் சத்தத்துக்குள் ப்ரியா குழந்தை காட்டிய இடத்தில் மஞ்சள் பூவை வைத்து, நூலை இறுக்கி, மிச்சத்தைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

பிரீத்தி கண்ணாடியைப் பார்த்துக் கைதட்டினாள்.